மாசி முதல் சித்திரை வரை: கடற்கரையில் பார்த்த பறவையை ஊருக்குச் சொல்வது எப்படி

பங்குனி பிறந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஞாயிறு சாயங்காலம் பூநாரைப் படங்கள் வரிசையாக வந்து விழும். பழவேற்காடு, கோவளம், முட்டுக்காடு என்று விடியற்காலையிலேயே கிளம்பிப் போய் வந்தவர்கள் போடுவது. படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கரையில் நின்று பார்த்தீர்கள், எத்தனை மணி, எத்தனை இருந்தன, கூட வேறு என்ன மேய்ந்துகொண்டிருந்தது என்று புதன்கிழமை கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு நினைவிருக்காது. தூக்கம் கெட்டு, பெட்ரோல் போட்டு, நூற்றைம்பது கிலோமீட்டர் போய்ப் பார்த்த விஷயம் அப்படிக் கரைந்துபோவது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பறவை பார்க்கக் கற்றுக்கொடுக்கும் கட்டுரை இல்லை இது. பார்த்ததை மற்றவர்களுக்குப் பயன்படும்படி எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும்.

முதலில் ஒரு விஷயம். அக்டோபரில் முதல் வாலாட்டி வாசலில் இறங்கினால் குழுவில் எல்லோரும் போடுகிறார்கள். ஏப்ரலில் கடைசி வாலாட்டி போனதை யாரும் போடுவதில்லை. வருகையைக் கொண்டாடுகிறோம், புறப்பாட்டைக் கவனிப்பதே இல்லை. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் புறப்பாட்டுக் காலம். மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாக நம்மிடம் வந்த உள்ளான்கள் (சேற்றோரம் மேயும் கரைப்பறவைகள்), வாத்துகள், ஆலாக்கள் (தண்ணீருக்கு மேலே பறந்து இரை தேடுபவை) எல்லாம் தின்று கொழுத்து, இறகு மாற்றிக்கொண்டு, சைபீரியா, மத்திய ஆசியா, இமயமலைக்கு அப்பால் என்று கூடு கட்டப் போகிற காலம். ஆகவே இந்த மூன்று மாதத்தில் நீங்கள் தரக்கூடிய பெரிய தகவல் "இன்று வரை இருந்தது", "இன்று போய்ப் பார்த்தேன், இல்லை" என்கிற இரண்டும்தான். இரண்டாவதை எழுத யாருக்கும் கை வருவதில்லை. ஊசிவால் வாத்து மார்ச் 15 வரை ஏரியில் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், மார்ச் 22 அன்று அதே ஏரிக்குப் போய், அதே அளவு நேரம் நின்று, அது இல்லாத பட்டியல் ஒன்றை யாராவது எழுதியிருக்க வேண்டும். எதுவும் கிடைக்காத காலைப்பொழுதுதான் பல நேரம் அதிகம் சொல்லும் காலைப்பொழுது.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு கடற்கரையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று நம் ஊர் நடுவே மணலாகக் கிடக்கும் பாலாறுதான் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியின் மேல் மீசை ஆலா பறக்கிறது, அதே மீசை ஆலா முட்டுக்காட்டிலும் பறக்கிறது. மாசியில் நம் ஏரிகள் வற்றத் தொடங்கும்போது அங்கே இருந்த பறவைகள் நேராக வடக்கே போகின்றனவா, சில நாள் கழிமுகத்தில் தங்கிப் போகின்றனவா என்பதற்கெல்லாம் உள்ளூரிலும் கரையிலும் ஒரே வாரத்தில் எழுதிய பட்டியல்கள் இருந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். கடற்கரைக்காரர்கள் கரையைப் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு இடத்தையும் சேர்த்துப் பார்க்க வசதியான தூரத்தில் இருப்பவர்கள் நாம்தான்.

எங்கே, எப்போது போவது

வேலூரிலிருந்து மூன்று வழி. சென்னைப் பக்கம் போனால் வடக்கே பழவேற்காடு, தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கேளம்பாக்கம், கோவளம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் பாலாற்று முகத்துவாரம். ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் போனால் மரக்காணம், கழுவேலி. இதில் பழவேற்காட்டுக்குத்தான் கூட்டம். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது, பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, பூநாரை பார்க்க அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. ஆனால் ஆரணி, வந்தவாசிக்காரர்களுக்குக் கழுவேலிதான் கைக்கெட்டிய தூரம். 2021-இல் சரணாலயமாகி, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இடம். நம் பக்கத்திலிருந்து அங்கே இன்னும் நிறையப் பேர் போக வேண்டும் என்பது என் ஆசை.

ஓதம் பார்த்துப் போங்கள். நம் கரையில் கடல் ஏறி வற்றுவது சுமார் ஒரு மீட்டர்தான், குஜராத் மாதிரி கிலோமீட்டர் கணக்கில் சேறு வெளியே வராது. ஆனாலும் தண்ணீர் வற்றும் நேரத்தில் உள்ளான்கள் சேற்றில் பரவி மேயும், ஏறும் நேரத்தில் ஒரு மேட்டில் கூடி நிற்கும். எண்ணுவதற்குக் கூடி நிற்கும் நேரம் நல்லது, இனம் பிரித்துப் பார்க்க மேயும் நேரம் நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் கூடும். கழிமுகங்களில் இன்னொரு விஷயம், முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடல் ஏறினாலும் வற்றினாலும் உள்ளே தண்ணீர் அசையாது. அட்டவணையைப் பார்த்து ஏமாறாமல், வலை கட்டிக்கொண்டிருப்பவரிடம், "அண்ணே, முகத்துவாரம் தொறந்திருக்கா, அடைச்சிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் சொல்வது சரியாக இருக்கும். சொன்னதையும் உங்கள் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அன்றைக்கு ஏன் பறவை குறைவு என்று பிறகு பார்ப்பவருக்கு அது புரியவைக்கும்.

வெளிச்சத்தையும் யோசிக்க வேண்டும். காலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், எதிரே நிற்பதெல்லாம் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று மேற்கே கழிமுகத்தைப் பார்த்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். பங்குனியில் ஒன்பதரை, பத்து மணிக்குமேல் சேற்றுப்பரப்பில் கானல் ஆடும், அப்போது தூரத்துப் பறவையின் கால் என்ன நிறம் என்று சத்தியம் செய்யாதீர்கள். கோவளத்தில் விடியும்போது நிற்க வேண்டுமானால் வேலூரில் மூன்று மணிக்காவது கிளம்ப வேண்டும், வேறு வழி இல்லை.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம், பழவேற்காட்டை ஒட்டி ஸ்ரீஹரிகோட்டா. இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கெடுபிடி உண்டு. நீள லென்ஸை எந்தத் திசையில் நீட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும், டிரோன் பேச்சே வேண்டாம். அடையாள அட்டை பையில் இருக்கட்டும்.

நின்ற இடத்திலேயே எழுதுங்கள்

வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள். திரும்பும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டுவதற்குள் எண்ணிக்கை எல்லாம் மறந்துவிடும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் பார்த்தோம். இந்த நான்கையும் முதலில் எழுதிவிட்டு அப்புறம் பறவைக்குப் போங்கள்.

எண்ணிக்கை விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. "நிறைய இருந்தது", "ஏராளம்" என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏராளம் என்றால் எண்பதா, எட்டாயிரமா? சரியாக எண்ண முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. பூநாரைக் கூட்டத்தின் ஒரு ஓரத்தில் ஐம்பதை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்த ஐம்பது எவ்வளவு அகலத்துக்கு நிற்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அகலத் துண்டு மொத்தக் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். பதினான்கு முறை வந்தால் எழுநூறு. நடுவில் நெருக்கமாக நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மறுபக்கத்திலிருந்து இன்னொருவர் தனியாக எண்ணி, பிறகு இரண்டையும் ஒப்பிட்டால் இன்னும் நல்லது. "சுமார் 700, ஐம்பது ஐம்பதாகப் பிரித்து எண்ணியது" என்று எழுதினால் போதும், படிப்பவருக்கு அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

இந்தப் பருவத்துக்கே உரிய இன்னொன்று இறகுக் கோலம். குளிர்காலம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாக, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாமல் நின்ற உள்ளான்கள் மார்ச், ஏப்ரலில் நிறம் மாறும். வளைமூக்கு உள்ளானின் மார்பு செங்கல் நிறத்துக்கு வரும். கருவால் மூக்கனின் கழுத்தில் ஆரஞ்சு ஏறும். பசிபிக் பொன் உப்புக்கொத்தியின் வயிறு திட்டுத்திட்டாகக் கறுத்து, கடைசியில் முழுக் கறுப்பாகும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் காதோரம் ஒரு பொட்டுதான் இருக்கும், இப்போது தலை முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம் வந்துவிடும். மீசை ஆலாவுக்குத் தலையில் கறுப்புத் தொப்பியும், வயிற்றில் கரும்சாம்பலும், நடுவே கன்னத்தில் வெள்ளைக் கோடும். இவற்றில் எது எந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். "40 வளைமூக்கு உள்ளான், அதில் 6 முழுச் செங்கல் நிறம், 15 பாதி, மீதி இன்னும் சாம்பல்." இந்த ஒரு வரி, அழகான பத்துப் படத்தைவிட எனக்குப் பெரிது. சித்திரையிலும் சாம்பலாகவே இருப்பவை பெரும்பாலும் போன வருடத்துக் குஞ்சுகள், அவற்றில் சில இந்த ஆண்டு வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கக்கூடும்.

தெரியாத பறவையைத் தெரியாது என்று எழுதுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். சிட்டுக்குருவி அளவில் சேற்றோரம் ஓடும் கொசு உள்ளானையும் டெமிங்க் உள்ளானையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, மார்பின் நடுவே வெள்ளை, கூட்டமாக, நிற்காமல் தையல் மிஷின் ஊசி போலக் கொத்திக்கொண்டே போகும். டெமிங்க் உள்ளானுக்குக் கால் மஞ்சள் கலந்த பச்சை, மார்பு முழுக்க மங்கலான சாம்பல், ஒன்றிரண்டாகப் புல்லோரத்தில் மெதுவாக நகரும், பறக்கும்போது வாலின் இரண்டு ஓரமும் வெள்ளை தெரியும். கரையில் முன்னது அதிகம், நம் ஏரிகளின் நன்னீர் ஓரங்களில் பின்னது அதிகம் கண்ணில் படும். கால் சேற்றில் மூழ்கியிருந்தால்? கறுப்பாகத்தான் தெரியும், இரண்டுக்கும். அப்போது "கொசு உள்ளான் அல்லது டெமிங்க், கால் தெரியவில்லை, 3" என்று எழுதுவதுதான் நேர்மை. பறவைப் பட்டியல்களை ஏற்றும் ஈபேர்ட் (eBird) தளத்தில் இப்படி இரண்டு இனங்களைச் சேர்த்துப் போடவும், "ஏதோ ஒரு உப்புக்கொத்தி" என்று பொதுவாகப் போடவும் வசதி இருக்கிறது. ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மெர்லின் மாதிரி செயலிகள் படத்தையும் குரலையும் கேட்டு ஒரு பெயரைச் சொல்லும். நல்ல துணைதான். ஆனால் போன் சொன்ன பெயரை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். அது ஒரு யோசனை, அவ்வளவுதான். அந்தப் பறவையை நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதி செய்த பிறகு எழுதுங்கள்.

ஈபேர்டில் ஏற்றும்போது

கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட்தான் இன்று நம் நாட்டிலும் பெரும்பாலோர் பயன்படுத்துவது. இலவசம். போனில் செயலியை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதலாம், வீட்டுக்கு வந்து அனுப்பலாம். அதில் கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

"நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா" என்கிற மாதிரி ஒரு கேள்வி கடைசியில் வரும். காக்கை, மைனா, புறா உட்பட எல்லாம் எழுதியிருந்தால் ஆம். பூநாரையும் விராலடிப்பானும் மட்டும் போட்டிருந்தால் இல்லை. இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்ன பட்டியலில்தான் ஒரு பறவை இல்லாததற்குப் பொருள் உண்டு. நான் மேலே சொன்ன புறப்பாட்டுக் கணக்கு முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது. அதனால் காகத்தை எழுத அலுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு இடத்துக்கு ஒரு பட்டியல். காலையில் கேளம்பாக்கம், பிறகு முட்டுக்காடு, வெயில் ஏறியதும் கோவளம் என்று போனால் மூன்று பட்டியல். எல்லாவற்றையும் சேர்த்து "சென்னைக் கடற்கரை" என்று ஒன்று போட்டால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். ஒரு பட்டியலுக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் நில்லுங்கள். நடந்து போவதாக இருந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் முடித்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்குங்கள். முடித்ததும் உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் போன் பையில் இருந்தபடியே வழியெல்லாம் தூரத்தைக் கூட்டிக்கொண்டு வரும்.

இடத்தைச் சரிபாருங்கள். பட்டியலைக் காரில் வரும்போதோ வீட்டிலோ தொடங்கினால் செயலி நீங்கள் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பூநாரை வேலூர் சத்துவாச்சாரியில் நின்றதாகப் பதிவாகும். ஏற்கெனவே ஹாட்ஸ்பாட்டாக (எல்லோரும் பட்டியல் போடும் பொது இடமாக) உள்ள இடமென்றால் அதையே தேர்ந்தெடுங்கள், புதிதாகப் புள்ளி வைக்காதீர்கள். மாவட்டம் விஷயத்திலும் கொஞ்சம் கவனம். 1989-இல் வட ஆற்காடு இரண்டானது, 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது, ஆனாலும் பேச்சில் இன்னும் எல்லாம் "வேலூர்தான்". காவேரிப்பாக்கம் ஏரி ராணிப்பேட்டை மாவட்டம், ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம், ஆரணி திருவண்ணாமலை மாவட்டம். குழுவில் எழுதும்போது ஊர்ப்பெயரும் மாவட்டமும் சேர்த்தே எழுதுங்கள்.

ஐந்து பேர் சேர்ந்து போனால் ஒருவர் மட்டும் எழுதி மற்றவர்களுக்குப் பட்டியலைப் பகிர்ந்துவிடுங்கள், அதற்கு அதிலேயே வசதி இருக்கிறது. ஐந்து பேரும் தனித்தனியாக ஏற்றினால் எழுநூறு பூநாரை மூவாயிரத்து ஐந்நூறாகிவிடும்.

வழக்கத்துக்கு மாறான பறவையோ, மிகப் பெரிய எண்ணிக்கையோ போட்டால் விளக்கம் கேட்கும். அங்கே "உறுதியாகப் பார்த்தேன்" என்று எழுதிப் பயனில்லை. என்ன பார்த்தீர்கள், எவ்வளவு தூரத்தில், வெளிச்சம் எப்படி, அதைப் போன்ற மற்றொன்று ஏன் இல்லை, இதை எழுதுங்கள். "பெரிய அலகு, பூநாரைக் கூட்டத்துக்கு முன்னால் நின்றது, பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைக் கோடும் வாலில் கறுப்புப் பட்டையும் தெரிந்தன, அதனால் பட்டைவால் மூக்கன் இல்லை, கருவால் மூக்கன்." இப்படி. சரிபார்க்கும் தன்னார்வலர் மின்னஞ்சலில் சந்தேகம் கேட்டால் கோபப்படாதீர்கள், அவரும் சம்பளம் இல்லாமல் ராத்திரி கண்விழித்து இந்த வேலையைச் செய்கிறவர். படம் இருந்தால் அனுப்புங்கள், நிச்சயமில்லை என்றால் மாற்றிவிடுங்கள், பதிவின் மதிப்பு அதனால் கூடத்தான் செய்யும்.

ஈபேர்ட் வராதவர்கள், ஆங்கிலத் திரை ஒத்துவராதவர்கள் நம் குழுக்களில் நிறைய இருக்கிறார்கள். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் தாத்தா, மீன் குத்தகைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் சொல்வதை யாராவது ஒருவர் வாங்கி எழுதிவையுங்கள். "தாத்தா, அந்தக் கூட்டம் போய் எத்தினி நாள் ஆச்சு?" என்று கேட்டால் சந்தைக்கிழமையை வைத்துச் சரியாகச் சொல்வார். யார் சொன்னது, யார் எழுதியது என்று இரண்டையும் குறித்துக்கொண்டால் போதும்.

வாட்ஸ்ஆப்பில் போடும்போது

குழுச் செய்தி பட்டியலுக்கு மாற்று ஆகாது, ஆனால் உடனே தெரிய வேண்டியதற்கு அதுதான் வழி. எப்படி இருந்தால் நல்லது என்பதற்கு மாதிரி ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

"மார்ச் 22, காலை 6.40 முதல் 8.10. முட்டுக்காடு கழிமுகம், சாலைப் பாலத்திலிருந்து மேற்கே. தண்ணீர் குறைவு, முகத்துவாரம் திறந்திருக்கிறது. பூநாரை சுமார் 120. வளைமூக்கு உள்ளான் 40, ஆறு முழு நிறம். பவளக்காலி 12. மீசை ஆலா 60க்கு மேல், பாதிக்குக் கறுப்புத் தொப்பி வந்துவிட்டது. போன வாரம் இருந்த ஊசிவால் வாத்து இன்று ஒன்றுகூட இல்லை. மூன்று பேர் பார்த்தோம். பட்டியல் ஈபேர்டில்."

அவ்வளவுதான். கடைசிக்கு முந்தைய வரிகளில் அந்த "இல்லை"யைப் பாருங்கள், அதை மறக்காமல் போடுங்கள்.

படம் போடும்போது நேரடியாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் அதைச் சுருக்கி, எடுத்த தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் கழற்றிவிடும். அடையாளம் கேட்டு அனுப்புகிற படத்தை டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது தேதியையும் இடத்தையும் கீழே எழுதிவிடுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தை "இன்றைய கோவளம்" போலப் போடுவதும், வேறு குழுவிலிருந்து வந்த படத்தைத் தேதியில்லாமல் தட்டிவிடுவதும் ரொம்பக் கெடுதல். யாராவது ஒருவர் அதை நம்பி அந்த வாரமே கிளம்பிப் போவார், இன்னொருவர் அதைப் பதிவாக ஏற்றிவிடுவார்.

வெளியே சொல்லாமல் இருக்க வேண்டியவை

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூடு இருக்கும் இடத்தைப் பொதுக் குழுவில் போடக் கூடாது. பங்குனி, சித்திரையில் புறப்படும் பறவைகள் ஒரு பக்கம் இருக்க, இங்கேயே குடியிருப்பவை தரையில் முட்டை வைக்கும் காலமும் இதுதான். உப்பளங்களிலும் கடற்கரை மணலிலும் உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும், பாலாற்று மணலிலும் ஏரிக் கரைகளிலும் சிவப்புமூக்கு ஆள்காட்டியும் முட்டையிடும். கூடு என்று ஒன்று கிடையாது, லேசான பள்ளம், அதில் மணல் நிறத்தில் புள்ளி போட்ட முட்டைகள், இரண்டு அடி தள்ளி நின்றாலும் தெரியாது. தலைக்கு மேலே ஆள்காட்டி கத்திக்கொண்டு பாய்ந்து வந்தால் அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள், வந்த வழியே காலடி பார்த்துத் திரும்பிவிடுங்கள். வெயிலில் தாய் பத்து நிமிடம் எழுந்து நின்றாலே முட்டை சூடேறிப்போகும். "கூடு கட்டுகிறது, ராணிப்பேட்டை மாவட்டம்" என்பதற்குமேல் வெளியே எதுவும் வேண்டாம்.

ஆந்தைகள் அடையும் பாறை, மரப்பொந்து, இவற்றையும் சொல்லாதீர்கள். நம் பக்கத்து மலைப்பாறைகளில் கொம்பன் ஆந்தையைப் பார்த்தால் மகிழ்ச்சியாகப் பாருங்கள், இடத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மாந்திரீகம் என்ற பெயரில் ஆந்தையைப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஈபேர்டே சில இனங்களின் இடத்தைத் தானாக மறைக்கிறது, ஆனால் படத்தின் பின்னணியில் கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ தெரிந்தால் அதெல்லாம் வீண். கண்ணி, வலை, சுட்ட பறவை எதையாவது பார்த்தால் குழுவில் சண்டை போடாமல் வனத்துறைக்கு நேரடியாகச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கரையில் கூட்டமாக நிற்கும் உள்ளான்களைப் படத்துக்காகப் பறக்கவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நெடுந்தூரப் பயணத்துக்கு முன்னால் சில இன உள்ளான்களின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது, அந்தக் கொழுப்புதான் வழிச்செலவு. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, மேயும் நேரமும் போகிறது. பறக்கும் கூட்டத்தின் படத்தைக் குழுவில் போடுபவரிடம், அவை தாமாகப் பறந்தனவா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்கும் வழக்கம் வந்தாலே பாதி குறையும்.

காலில் வளையம் இருந்தால்

உள்ளான்களின் காலில் வண்ணக் கொடியோ உலோக வளையமோ தெரிந்தால் அன்றைக்கு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள். எந்தக் கால், இடதா வலதா (பறவையின் இடது, நம்முடையது அல்ல), முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், மேலே எது கீழே எது, எழுத்து இருந்தால் என்ன எழுத்து. ஒரு எழுத்துதான் தெரிந்தது என்றால் அதை மட்டும் எழுதுங்கள், மீதியை ஊகிக்க வேண்டாம். படம் மங்கலாக இருந்தாலும் அழிக்காதீர்கள். கோடியக்கரையில் பல காலமாக வளையமிட்டுவரும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தேதி, இடத்தோடு மின்னஞ்சல் அனுப்பினால், அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையம் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க வழி பிறக்கும். செத்துக் கிடக்கும் பறவையின் காலில் வளையம் இருந்தால் வெறுங்கையால் தொடாமல், எண் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள்.

சித்திரை பிறந்ததும் "சீசன் முடிந்தது" என்று பைனாகுலரை உள்ளே வைத்துவிடாதீர்கள். ஏப்ரல் மூன்றாவது, நான்காவது வாரங்களில்தான் நிறம் முழுதாக ஏறிய உள்ளான்கள் கிடைக்கும், மே மாதத்தில் தங்கிவிட்டவை எவை என்று தெரியவரும். அந்த வாரங்களில்தான் பட்டியல்கள் குறைவு. கரைக்குப் போக முடியாவிட்டால் காவேரிப்பாக்கத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரையோ வேலூர்க் கோட்டை அகழியையோ அரை மணி நேரம் பாருங்கள், இருப்பதையும் இல்லாததையும் எழுதி, அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.